வாசிக்காமல் சொன்ன சம்மதம்

செத்துப்போன கணினிக்கு மறுபடி உயிர் கொடுக்கிற வேலையில் முக்கால்வாசி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். வெளியே சொன்னால் பிழைப்பு போய்விடும் என்பதால் நாங்கள் யாரும் சொல்வதில்லை. சிஸ்டத்தை ஏற்றுகிற வட்டைப் போட்டு, நாலு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால், திரையில் ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக ஊர ஆரம்பிக்கும். அது போய்ச் சேரும்வரை எனக்கு வேலை இல்லை. முகத்தை மட்டும் ரொம்ப யோசிக்கிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கடை சலவைக்கடைக்கு மேல்மாடி. தரை மரப்பலகை. மத்தியானத்துக்கு மேல் கீழே இஸ்திரிப் பெட்டிகள் சூடேறியதும், பலகை இடுக்குகள் வழியாக வெதுவெதுப்பான ஆவி எழும்பி வரும். துவைத்த துணியின் மணமும் கூடவே வரும். அந்த ஆவியில் நீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்பேர்ப்பட்டவருக்கும் கண் சொக்கிவிடும். எனக்கு எப்போதும் ஒரே கனவுதான். காலியான வீடு. வாசலில் வண்டி நிற்கிறது. யாரோ ஒவ்வொரு சாமானாக உள்ளே கொண்டுவந்து வைக்கிறார்கள். இது எங்கே, அது எங்கே என்று என்னைக் கேட்கிறார்கள். நான் கைகாட்டுகிறேன். வீடு நிரம்பும்போது விழித்துக்கொள்வேன். பெரும்பாலும் பட்டையும் அதே நேரத்தில்தான் முடிந்திருக்கும்.

கடையில் பாதி என்னுடையது, மீதிப் பாதி என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரரின் தங்கை அவள். சுத்தம் என்றால் உயிரை விடுவாள். பழுதுக்கு வருகிற எந்தப் பெட்டியையும் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு, வெறும் கூட்டைச் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டாமல் விடமாட்டாள். கூட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற, மென்பொருள் எண் அச்சிட்ட உரிமச் சீட்டு நனைந்துவிடக் கூடாதே என்று, முடி உலர்த்துகிற மெஷினால் சூடு காட்டி அதைப் பதமாக உரித்துக் கண்ணாடியில் ஒட்டிவைப்பாள். எங்கள் கடையில் முகம் பார்க்க வேண்டுமென்றால் ஏழெட்டுப் பேருடைய உரிமங்களுக்கு நடுவில் தேட வேண்டும்.

அந்த அம்மா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர, பின்னாலேயே வந்தவர், என்ன ஆச்சு என்று நான் கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அவசரக் குடுக்கை. பாவம், வாய் பேச முடியாதவர்போல என்று நினைத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்திப் பேசினேன். சிரித்தார். நாத்தனார்தான் நோட்டை வாங்கிப் படித்தாள்.

அழகான கையெழுத்து. கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது என் வேலை, இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன் என்று எழுதியிருந்தார். இப்போது வாசிப்பது கடலின் ஏற்ற இறக்கங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம். இன்னும் ஒன்பது அத்தியாயம் பாக்கி. தொண்டையில், குரல் பிறக்கிற இடத்திலேயே ஒரு கட்டி. அடுத்த வியாழக்கிழமை அறுவை. அதற்குப் பிறகு குரல் இருக்கலாம், இல்லாமல் போகலாம், இருந்தாலும் வேறு மாதிரி இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. இன்றையும் சேர்த்து ஒன்பது நாள், ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். நேற்று ராத்திரி கணினி அணைந்தது, அப்புறம் எழவேயில்லை. கடைசி வரியில், சாயந்திரத்துக்குள் முடியுமா என்று கேட்டிருந்தார்.

நாத்தனார் படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கத்திய கத்தலை நினைத்து எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சாயந்திரத்துக்குள் முடித்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னேன். அப்போதே நாங்கள் அவருக்கு வாசிப்பம்மா என்று பெயர் வைத்துவிட்டோம்.

திறந்து பார்த்தால் தாய்ப்பலகை, அதாவது மதர்போர்டு, போயிருந்தது. மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற கபாசிட்டர்கள் நாலும் உப்பி, ஒன்று வெடித்தும் இருந்தது. அதே வகையில் ஒரு பலகை எங்கள் கையிருப்பில் இருந்ததால் மாற்றினேன். சிஸ்டம் இருந்த டிஸ்க்கும் பழுதாகியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும். நல்லவேளை, பதிவுகளெல்லாம் தனி டிஸ்க்கில் இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்டுவதற்காக அந்த டிஸ்க்கை என் கணினியில் செருகி, கைக்கு வந்த ஒன்றை ஓடவிட்டேன்.

ஒரு பெண்ணின் குரல் வந்தது. எப்படிச் சொல்வது? ஆழமான குரல், அவசரமே இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் உட்கார இடம் கொடுத்துவிட்டு அடுத்த சொல்லை அழைக்கிற குரல். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் கடல் கொஞ்ச நேரம் எதுவுமே செய்யாமல் நிற்கும் என்று அது சொன்னது. அந்த நேரத்தில் மீனவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், படகுகள் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் கிடக்கும் என்றும் சொன்னது. கீழே இஸ்திரி போடுகிறவர்களின் பேச்சுச் சத்தம் நின்றுபோனதை அப்போதுதான் கவனித்தேன். யார் குரல் இது என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். வாசிப்பம்மா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

நான் குரலை நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அவருடைய கணினியில் வட்டைப் போட்டு ஏற்ற ஆரம்பித்தேன். முதலில் மென்பொருளின் பயன்பாட்டு ஒப்பந்தம் வந்தது. எப்போதும் வருவதுதான். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை வந்திருக்கிறதோ, அத்தனை முறையும் கண்ணை மூடிக்கொண்டு 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறேன். அன்றும் அழுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாசிப்பம்மா என் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதப் போனவர், எழுதாமல் மூடிவிட்டார்.

நீலப் பட்டை ஊர்ந்தது. ஆவி எழும்பியது. கடல் ஏறியது, இறங்கியது. எனக்குக் கண் சொக்கியது. அன்றைக்குக் கனவில் வந்த வீட்டுக்குள் சாமான் எதையும் யாரும் கொண்டுவரவில்லை. எல்லா அறையிலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, அது வெதுவெதுப்பாக இருந்தது, பக்கத்து அறையில் யாரோ எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தேன். எந்த அறைக்குப் போனாலும் குரல் அடுத்த அறையில் இருந்தது. எனக்குக் கொஞ்சங்கூட அலுக்கவில்லை.

நாத்தனார் தோளைத் தொட்டு எழுப்பினாள். பட்டை முடிந்திருந்தது. கண்ணாடியிலிருந்து உரிமச் சீட்டைப் பார்த்து அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கணினி யோசித்தது. பிறகு, இந்த உரிமம் வேறு கணினிக்குரியது, ஏற்க முடியாது என்றது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதையே சொன்னது.

எனக்கு ஆச்சரியமில்லை. வாடிக்கையாளர்களிடம் நான் வழக்கமாகச் சொல்கிற பாடத்தை வாசிப்பம்மாவிடமும் ஒப்பித்தேன். உரிமத்தில் இரண்டு வகை. பெட்டியில் போட்டுத் தனியாக விற்பது ஒன்று. அதை ஒரு கணினியிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் இரண்டில் மட்டும் கூடாது. கணினியோடு சேர்ந்தே வருவது இன்னொன்று. அது உடம்போடு பிறந்த மச்சம் மாதிரி, வேறு உடம்புக்குப் போகாது. உங்களுடையது இரண்டாவது வகை. பலகைதான் கணினியின் உடம்பு. பலகை செத்தால் உரிமமும் செத்தது. இத்தனையையும் பெரிய மேதை மாதிரிச் சொல்லிவிட்டு, அவர் முகம் வாடுவதைப் பார்த்ததும் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு இதையும் சொன்னேன்:

"கவலைப்படாதீங்க அம்மா. உரிமம் இல்லாமலே முப்பது நாள் ஓடும், அதுக்கப்புறம்தான் பூட்டிக்கும். உங்களுக்கு ஒன்பது நாள்தானே வேணும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு உறைத்துவிட்டது. எங்கள் தொழில் புத்தி அப்படி. எதைப் பார்த்தாலும் இது எத்தனை நாள் தாங்கும், வேலை முடிகிறவரை ஓடினால் போதுமா என்றுதான் கணக்குப் போடும். பேட்டரிக்கும் டிஸ்க்குக்கும் போடுகிற கணக்கை ஒரு மனுஷிக்குப் போட்டுவிட்டேன். நாத்தனார் கையில் வைத்திருந்த துணியை மேசையில் போட்டாள். என் கணினியில் கடல் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாசிப்பம்மா எழுந்துபோய் அதை நிறுத்தினார். நிறுத்திவிட்டு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"முப்பது நாளே எனக்கு அதிகம்னு நீயே முடிவு பண்ணிட்டியாம்மா?"

அதே குரல். பதிவில் கேட்டதைவிடக் கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை, தப்பாக வந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று ஏதேதோ உளறினேன். அவர் என் நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என் சார்பா சம்மதம்னு சொன்னியே, அது என்னன்னு காட்டு. வாசிக்காத எதுக்கும் நான் சம்மதம் சொன்னதில்லை."

ஒப்பந்தத்தைத் திறந்து கொடுத்தேன். மனதுக்குள் வாசிப்பார் என்றுதான் நினைத்தேன். மனுஷி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, உரக்க வாசிக்க ஆரம்பித்தார். நாத்தனார் பதறிப்போனாள். அம்மா வேண்டாம், இன்றைக்குள்ள ஒரு மணி நேரம் இதில் போய்விடும், நாங்கள் வாசித்துச் சொல்கிறோம் என்று கெஞ்சினாள். அவர் கையை உயர்த்தி அவளை அமர்த்தினார். இருபத்திரண்டு வருடம் அப்படியே வாசித்தவருக்கு எழுத்து காதில் விழுந்தால்தான் புரியும்போலிருக்கிறது.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட வறட்சியான எழுத்து உலகத்தில் இருக்க முடியாது. "இதனால் வழங்கப்படும் உரிமை விற்கப்படுவதன்று, அனுமதிக்கப்படுவது மட்டுமே." "பயனர் இதைப் பிறருக்கு வாடகைக்கு விடுவதோ பிரதி எடுப்பதோ ஆகாது." இப்படியே போனது. ஆனால் அந்தக் குரலில் ஒவ்வொரு விதியும் யாரோ யாரிடமோ வாங்கிக்கொண்ட வாக்கு மாதிரிக் கேட்டது. ஆவி தரைப்பலகைக்கு மேல் முட்டியளவு நின்றது. கீழே இருந்து இரண்டு பேர் கையில் மடித்த சட்டைகளோடு படியேறி வந்து, என்ன ஏது என்று கேட்காமல் வாசலிலேயே நின்றார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் கனவில் கதவு கதவாகத் திறந்து தேடியதை இப்போது கண்டுபிடித்து, அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது போலிருந்தது. இதையா நான் பன்னிரண்டு வருடமாகத் திறந்தும் பார்க்காமல் இருந்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். பதினேழாவது பிரிவில் ஒரு விதியை வாசித்தவர், நிறுத்திவிட்டு, முதலிலிருந்து மறுபடி வாசித்தார்.

"பலகையானது பயனரின் விருப்பத்தின்பேரில் மேம்பட்ட ஒன்றால் மாற்றப்படின், அது புதிய கணினியாகக் கொள்ளப்படும், உரிமம் செல்லாது. பழுதின் காரணமாக மாற்றப்படின், அது அதே கணினியாகவே கொள்ளப்படும், உரிமம் தொடரும்."

நாத்தனார் மெல்ல என் பக்கம் திரும்பி, "அண்ணி, இத்தனை வருஷமா எத்தனை பேர்கிட்ட செத்துப்போச்சுன்னு சொல்லியிருப்போம்?" என்றாள். ஆசைப்பட்டு மாற்றினால்தான் வேறு ஆள். பழுதாகி, வேறு வழியில்லாமல் மாற்றினால் அதே ஆள். எவனோ ஒரு வக்கீல் சம்பளத்துக்கு எழுதிய வரிதான். வாசிப்பம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையெடுத்துத் தொண்டையைத் தொட்டுக்கொண்டார். அவர் கண் நிறைந்தது. என் கண்ணும்தான், மறைப்பானேன்.

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. கடைசிப் பிரிவு வரை வாசித்து முடித்துவிட்டுத்தான் நோட்டை எடுத்தார். "இப்போது சம்மதம்" என்று எழுதிக் காட்டினார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் கூடவே ஆகியிருந்தது. அன்றைய அத்தியாயம் போனது போனதுதான்.

மென்பொருள் நிறுவனத்துக்கு ஃபோன் போடுவது கிணற்றில் கல் போடுகிற வேலை என்று நான் எப்போதும் சொல்வேன். அன்று போட்டேன். முதலில் பேசிய இயந்திரக் குரல், திரையில் இருக்கிற ஐம்பத்துநான்கு இலக்கங்களையும் ஆறாறாகச் சொல்லச் சொன்னது. என் கட்டைக் குரலில், முடிந்தவரைக்கும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் உட்கார இடம் கொடுத்துச் சொன்னேன். இயந்திரம், முடியாது என்றது. பிறகு நீண்ட நேரம் ஒரு குழலிசை. பிறகு ஒரு பெண், நிஜப் பெண். ஒரு நாளில் நூறு முறை கேட்கிற கேள்விகளை அவள் தூங்கி வழிந்துகொண்டே கேட்டாள். இந்தப் பிரதி எத்தனை கணினியில் இருக்கிறது? ஒன்றில். பலகையை ஏன் மாற்றினீர்கள்? பழுதாகிவிட்டது. மேம்படுத்துவதற்காக இல்லையே? இல்லை, பதினேழாவது பிரிவு என்றேன். எதிர்ப்பக்கம் ஒரு கொட்டாவி பாதியில் நின்றது. அந்த ஒப்பந்தத்தை வாசித்த ஒருவரிடம் பேசுவது அவளுக்கு அதுதான் முதல்முறையாக இருக்க வேண்டும்.

"அப்ப அது அதே கணினிதாங்க," என்றாள், தூக்கம் கலைந்த குரலில். "எண்ணைச் சொல்றேன், எழுதிக்கோங்க."

அவள் சொன்ன எண்ணை அடித்தேன். திரை ஏற்றுக்கொண்டது. திரை மூலையில் முப்பது நாள் கணக்கைக் காட்டிக்கொண்டிருந்த சின்னப் பெட்டி மறைந்துபோனது. வாசிப்பம்மா என் இரண்டு கையையும் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார்.

அடுத்த எட்டு நாளும் எனக்கு மனசு சரியில்லை. எட்டு நாள், ஒன்பது அத்தியாயம். நான் வாயைக் கொடுத்திராவிட்டால் அந்த ஒரு மணி நேரம் அவர் கையில் இருந்திருக்கும். ஒரு மனுஷியின் கடைசிப் புத்தகத்தைக் குறையாக நிறுத்திவிட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். நாத்தனார் தன் பங்குக்கு எதிர்ப்பட்டதையெல்லாம் கழுவினாள்.

புதன்கிழமை சாயந்திரம், மறுநாள் அறுவை என்ற நிலையில், ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கிவர, அவர் படியேறி வந்தார். பதிவுகளைப் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்தித் தர வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தார். எண்ணிப் பார்த்தேன். புதிதாக எட்டுதான் இருந்தன. கடைசி அத்தியாயம் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், என்னால்தான் என்று ஆரம்பித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைய ஒரு மணி நேரத்தில் ஏதோ மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

"உன்னால இல்லை. கடைசி மூணும் சின்ன அத்தியாயம். நேத்தும் இன்னைக்குமா முடிச்சிருக்கலாம். வேணும்னுதான் ஒண்ணை விட்டு வச்சிருக்கேன்."

பிறகு நோட்டை எடுக்காமல், அவர் வாயாலேயே கேட்டார். ஒரு மைக் வேண்டும், சின்னக் குரலைக்கூடப் பிடிக்கிற மாதிரி, கரகரப்பாக இருந்தாலும் சொல் தெளிவாக விழுகிற மாதிரி. நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அப்படி ஒன்று இருக்கிறது, வரவழைக்கத்தான் நாளாகும் என்றாள். நான் ஆர்டர் நோட்டைப் பிரித்து அவர் பெயரை எழுதினேன். தேதிக்கான கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. வீட்டுக்கு அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார். "அடுத்த மாசம் பத்தாம் தேதி. நானே வந்து வாங்கிக்கிறேன்."

நான் பத்தாம் தேதி என்று எழுதினேன்.